முதலில் பிளக் பாயின்ட், அப்புறம் கார்

போன இதழில் ஒரு வாசகி கேட்டார் என்று என்னுடைய மின்சாரக் காரைப் பற்றி நாலு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எனக்கும் பேச ஆசையான விஷயம். திருச்சியில் வீடு, புதுக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூட வேலை, தினமும் போக வர 110 கிலோமீட்டர். 2023-ல் வாங்கிய சின்னக் கார், 24 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி. நான் ஓட்டிப் பார்த்தது, கூட்டிக் கழித்துப் பார்த்தது, சறுக்கியது எல்லாவற்றையும் வைத்துப் பதில் சொல்கிறேன். விலைகளும் கட்டணங்களும் மாறும், அதனால் உங்கள் கணக்கை உங்கள் மின்கட்டண அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ஈரோடு வாசகி: மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவோம். ஷோரூமில் ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகும்’ என்கிறார்கள். நம்பலாமா அக்கா?

ஏறக்குறைய நம்பலாம். ஆனால் அவர்கள் அதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘யூனிட் ஏழு ரூபாய், ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர்’ என்று வகுத்துச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது, படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-க்குள் இருந்தால் அடுத்த நூறுக்கும் சலுகை உண்டு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகையும் போய், 2024 ஜூலையில் உயர்த்திய கட்டணப்படி யூனிட்டுக்கு எட்டரை, ஒன்பதரை, பத்தரை என்று போய் ஆயிரத்துக்கு மேல் கிட்டத்தட்ட 12 ரூபாயில் நிற்கிறது. கார் குடிக்கிற யூனிட் எல்லாம் இந்த மேல்படிகளில்தான் விழும், கீழ்ப்படிகளை உங்கள் ஃபிரிட்ஜும் ஏசியும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் ஏறத்தாழ 1,200 ரூபாய் கட்டுவீர்கள். கார் இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடினால் சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 280 யூனிட் கூடும். மொத்தம் 680, பில் 3,700 பக்கம் வரும். ஆக காருக்கு 2,500 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய், அதாவது யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் விழுந்திருக்கிறது. இருந்தாலும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. லிட்டர் 101 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் அதே 2,000 கிலோமீட்டருக்குப் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு. மாதம் 5,500 ரூபாய் மிச்சம்.

இப்போது விலை வித்தியாசம். அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மூன்று லட்சம் அதிகம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள் (2025 செப்டம்பரில் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது, மின்சாரக் காருக்கு அதே 5 சதவீதம்தான், அதனால் இடைவெளி முன்பைவிடக் கூடியிருக்கிறது). மாதம் 5,500 வீதம் அந்த மூன்று லட்சத்தை எடுக்க நாலரை வருடம். கடனில் வாங்கினால் வட்டியைச் சேர்த்து ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் வைத்து ஓட்டுகிற வீடு என்றால் தாராளமாக வாங்கலாம், நாலு வருடத்துக்கு ஒரு தடவை காரை மாற்றுகிற வீடு என்றால் வேண்டாம்.

என் கதை வேறு, நான் மாதம் 2,600 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு 7,600 வரை வருகிறது, முதல் தடவை அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்து என் அம்மா மீட்டர் ரிப்பேர் என்றே முடிவுகட்டிவிட்டார். ஆனால் பெட்ரோலாக இருந்தால் 35,000 கொடுத்திருப்பேன். கூடுதலாகக் கொடுத்த பணம் எனக்கு இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிட்டது.

தென்காசி வாசகர், ஓய்வுபெற்றவர்: கோயில், ஆஸ்பத்திரி, பேரன் வீடு, மாதம் 300 கிலோமீட்டர் தாண்டாது. ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. மாற்றலாமா?

வேண்டாம் ஐயா. உங்களுக்கு மாதம் 1,600 ரூபாய்தான் மிச்சமாகும், போட்ட பணம் திரும்ப பதினைந்து வருடம் ஆகும். இருக்கிற காருக்கு நல்ல டயர் போட்டு, ஆயில் மாற்றி ஓட்டுங்கள். புகை வருகிறதே என்ற மன உறுத்தலில் மாற்ற நினைத்தால் அது வேறு, அதை நான் மதிக்கிறேன். கையிருப்பைப் பார்த்து முடிவெடுங்கள்.

மணப்பாறை வாசகர்: வாங்கிய புதுக் காரை வீட்டு பிளக்கில் மாட்டினால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. கம்பெனிக்காரர் வயரிங் சரியில்லை என்கிறார், எலக்ட்ரீஷியன் சார்ஜர் சரியில்லை என்கிறார்.

எனக்கும் இதே நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டெலிவரி எடுத்த அன்று ராத்திரி மாலை போட்ட காரை ஆசையாகக் கொண்டுவந்து மாட்டினேன். பச்சை வரவேண்டிய இடத்தில் சிவப்பு. நாலு தடவை பிடுங்கி மாட்டினேன். அதே சிவப்பு. மறுநாள் வந்தவர் பிளக் நன்றாக இருக்கிறது, கிரைண்டர் ஓடுகிறது பாருங்கள் என்று ஓட்டியும் காட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். 40 வோல்ட் காட்டியது. இரண்டு மூன்றுக்கு மேல் போகக் கூடாதம்மா என்றார்.

விஷயம் இதுதான். எர்த் என்பது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. அது ஒழுங்காக இல்லாவிட்டாலும் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் ஓடும். கார் சார்ஜர் ஓடாது, முதலில் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை உள்ளே விடும். அது உங்கள் உயிருக்காகச் செய்த ஏற்பாடு. எங்கள் வீடு கட்டி 22 வருடம், கொல்லைப்புறத்தில் எர்த் குழி இருந்த இடத்தின் மேல் எப்போதோ சிமென்ட் தளம் போட்டிருக்கிறோம், தண்ணீரே இறங்கவில்லை. முருங்கை மரத்தடியில் புதுக் குழி தோண்டினார், ஜி.ஐ. பைப்பை இறக்கி கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடி, வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அங்கிருந்து கார் நிறுத்தும் இடம் வரை தனி எர்த் வயர். அன்று சாயங்காலம் மாட்டினேன், பச்சை. கோடையில் ஒரு தடவை தண்ணீர் ஊற்ற மறந்து மறுபடி சிவப்பு வந்தது, இரண்டு குடம் ஊற்றியதும் சரியாகிவிட்டது.

அதனால் சண்டையை விடுங்கள், எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கூடவே காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், லோடு மீறினால் தானாக அணைகிற தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் அணைகிற ஆர்.சி.சி.பி., நல்ல கம்பெனி 16 ஆம்பியர் சாக்கெட், இவ்வளவும் வேண்டும். ஒன்பது மணி நேரம் விடாமல் முழு லோடில் ஓடுகிற சாமான் வீட்டில் வேறு எதுவும் இல்லை, மலிவு சாக்கெட் உருகிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இன்வெர்ட்டர் லைனிலும் மாட்டாதீர்கள்.

பெரும்பாக்கம் வாசகர்: அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கீழே எனக்கென்று பார்க்கிங் உண்டு. சார்ஜிங் பாயின்ட் போட அசோசியேஷன் விட மாட்டேன் என்கிறது. தீப்பிடிக்கும் என்கிறார்கள், பொது மின்சாரத்தைத் திருடுவேன் என்கிறார்கள்.

இரண்டு பயத்தையும் தனித்தனியாகத் தீர்க்கலாம். மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, வண்டி வைத்திருப்பவர் தன் வீட்டிலோ அலுவலகத்திலோ இப்போதிருக்கிற மின் இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வையுங்கள். சத்தம் போட வேண்டாம்.

திருட்டுப் பயத்துக்கு மருந்து சுலபம். நம் ஊர் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் எல்லா வீட்டு மீட்டரும் தரைத்தளத்தில் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். உங்கள் மீட்டருக்கு அப்புறம் ஒரு சுவிட்ச் போட்டு, அங்கிருந்து உங்கள் பார்க்கிங் வரை குழாய்க்குள் கேபிள் இழுத்தால் முப்பது நாற்பது அடியில் முடிந்துவிடும், ஒரு யூனிட்கூடப் பொது மீட்டரில் ஏறாது. சாக்கெட்டுக்குப் பூட்டு போட்ட பெட்டி வைத்துவிடுங்கள், வேறு யாரும் மாட்ட மாட்டார்கள்.

தீ விஷயத்தில் அவர்கள் கவலைப்படுவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். மேலே மணப்பாறைக்காரருக்குச் சொன்ன அதே ஏற்பாடுகளை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து அவரிடம் கையெழுத்துடன் சான்று வாங்கிக் கொடுங்கள். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்று மின்வாரியத்தில் பாருங்கள், போதாவிட்டால் பணம் கட்டி ஏற்றிக்கொள்ளலாம். எல்லாம் செய்தும் மறுத்தால்? கார் வாங்காதீர்கள் தம்பி, அல்லது சம்மதம் எழுத்தில் வரும் வரை தள்ளிப்போடுங்கள். தினமும் வெளியே போய் வேகச் சார்ஜரில் ஏற்றினால் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் ஆகும், பெட்ரோலோடு ஒப்பிட்டு நாம் கணக்குப் போட்ட மிச்சத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும், ராத்திரி எட்டு மணிக்கு முக்கால் மணி நேரம் எங்கோ காத்திருப்பதும் சேரும். வீட்டில் பிளக் இல்லாதவர்களுக்கு நான் இந்தக் காரைச் சிபாரிசு செய்வதே இல்லை, சொந்தத் தம்பிக்கே செய்யவில்லை.

தாம்பரம் வாசகர்: வருடம் நாலு தடவை திருநெல்வேலி போவோம். வழியில் நின்றுவிடுமோ?

தாம்பரத்திலிருந்து 600 கிலோமீட்டர். விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தில் 30 சதவீதத்தைக் கழித்துவிடுங்கள், நாலு வழிச் சாலையில் 100-ல் போனால் இன்னும் கொஞ்சம் கழியுங்கள். என் காருக்கு 315 என்றார்கள், 190-லிருந்து 200 கிடைக்கிறது. 40, 50 யூனிட் பேட்டரி உள்ள காரில் நீங்கள் வழியில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருக்கும், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். விழுப்புரம், திருச்சி, மதுரை என்று அந்தச் சாலை நெடுக வேகச் சார்ஜர்கள் வந்துவிட்டன. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டால் பெரிதாகத் தெரியாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வருடம் அம்மாவோடு மதுரை போய்த் திரும்பும்போது பேட்டரியில் 22 சதவீதம். துவரங்குறிச்சியை ஒட்டி ஒரு ஓட்டலில் சார்ஜர் இருப்பதாக ஆப் காட்டியது, போனால் திரை இருட்டாக இருந்தது, அதற்கு முன்னால் டீசல் வண்டி ஒன்று நிறுத்தியிருந்தது. அடுத்த சார்ஜர் 30 கிலோமீட்டரில். ஏசியை அணைத்துவிட்டு 50-ல் ஓட்டினேன், அம்மா விசிறிக்கொண்டே வந்தார், 6 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தோம். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: போக நினைக்கிற சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அதற்கடுத்ததற்குப் போகிற அளவு மிச்சம் வைத்துத்தான் கிளம்புவேன், கிளம்புமுன் அந்த ஓட்டலுக்கு போன் போட்டு ஓடுகிறதா என்று கேட்டுவிடுவேன். இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆப்பை வீட்டிலேயே இறக்கி நூறு ரூபாய் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் நின்றுகொண்டு ஓ.டி.பி. வராமல் தவிக்க வேண்டாம். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அதற்கப்புறம் மிக மெதுவாகத்தான் ஏறும், பின்னால் ஆளும் காத்திருப்பார்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய ராத்திரி மட்டும் போகாதீர்கள். அன்று டோல்கேட்டிலும் வரிசை, சார்ஜரிலும் வரிசை. ஒருநாள் முன்னதாகக் கிளம்புங்கள் அல்லது ரயிலில் போங்கள்.

வேலூர் வாசகி: எங்கள் ஊர் வெயிலில் பேட்டரி தாங்குமா? போய்விட்டால் எவ்வளவு செலவு?

பேட்டரிதான் காரின் விலையில் பெரும்பங்கு, மொத்தமாக மாற்றினால் சின்னக் காருக்கே பல லட்சம். அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டு எழுத்தில் பாருங்கள். ஒரேயடியாகச் செத்துப்போவது அபூர்வம், கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மூன்று வருடத்தில் என் காரில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாங்கும்போது பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா என்று கேளுங்கள். அது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், அதிக தடவை ஏற்றி இறக்கலாம். அந்த வகைக்கு அவ்வப்போது முழுதாக 100 வரை ஏற்றச் சொல்லுவார்கள், மற்ற வகைக்கு அன்றாடம் 80 போதும். அக்னி நட்சத்திரத்தில் நிழலில் நிறுத்துங்கள். மத்தியானம் ஓட்டிவந்த சூட்டோடு மாட்டாமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் மாட்டுங்கள். நானும் அம்மாவும் படுக்கப் போகும்போது கதவைப் பூட்டுவதுபோல் இதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

முடிச்சூர் வாசகர்: 2023 டிசம்பர் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரக் காரை என்ன செய்வது?

மிக்ஜாம் அன்று வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் செய்ததுதான் சரி. ஐ.பி. 67 என்று பேட்டரிக்குப் போட்டிருப்பார்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம், இரண்டு நாள் ஊறுவதற்கு அது பொருந்தாது. ரெட் அலர்ட் என்றால் முந்தின நாளே முழுதாகச் சார்ஜ் ஏற்றி மேட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள். முழுகிவிட்டால் ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம், சார்ஜரை மாட்டவும் வேண்டாம், வண்டியில் ஏற்றித்தான் சர்வீசுக்கு அனுப்ப வேண்டும். காப்பீட்டில் பேட்டரிக்கென்று கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது, உங்கள் தெருவில் இருப்பவர் அதை எடுக்காமல் இருக்கவே கூடாது.

கோவை வாசகர்: கார்க் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டாமே?

இருந்தது. 80இஇபி என்ற பிரிவில் ஒன்றரை லட்சம் வரை. 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களோடு அது முடிந்துவிட்டது, விற்பனைக்காரர் இன்னும் சொன்னால் நம்பாதீர்கள். தமிழக அரசின் சாலை வரி விலக்கை 2025 இறுதி வரை என்று அறிவித்திருந்தார்கள், நீங்கள் பதிவு செய்கிற நாளில் என்ன நிலை என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

சேலம் வாசகர்: பேட்டரிக்குத் தனியாக வாடகை கட்டும் திட்டத்தில் கார் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் என்ற மின்சாரக் கார் இப்படித்தான் வந்தது: 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். மின்சாரம் ஒன்றேகால் சேர்த்தால் கிலோமீட்டருக்கு நாலே முக்கால். என்னைப்போல் 2,600 ஓட்டுகிறவர் வாடகை மட்டும் மாதம் 9,000-க்கு மேல் கட்ட வேண்டும், அதற்குப் பேட்டரியையே கடனில் வாங்கிவிடலாம். குறைவாக ஓட்டுகிறவருக்குச் சாதகம் என்று தோன்றும், ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

நாகர்கோவில் வாசகி: பழைய மின்சாரக் கார் பாதி விலைக்கு வருகிறது. கணவர் வெளிநாட்டில், நான்தான் ஓட்ட வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் அக்கா?

பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே சோதித்து அறிக்கை வாங்கித் தரச் சொல்லுங்கள், தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். உத்தரவாதம் உங்கள் பெயருக்கு முழுதாக மாறுமா என்று கேளுங்கள், சில நிறுவனங்கள் நீண்டகால உத்தரவாதத்தை முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் தருகின்றன. அப்புறம் ஒருநாள் வாடகைக்கு எடுப்பதுபோல் எடுத்து, 100-லிருந்து 20 வரை உங்கள் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், மீட்டர் சொல்வதை நம்ப வேண்டாம். டயர் தேய்மானத்தையும் பாருங்கள், இந்தக் கார்கள் கனம், டயரைச் சீக்கிரம் தின்னும். என்ஜின் ஆயில், பெல்ட், ஸ்பார்க் பிளக் எதுவும் கிடையாது என்பதால் சர்வீஸ் செலவு உங்களுக்குப் பயமில்லை.

தனியாக ஓட்டப்போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. பெரிய பேட்டரி தவிர, சாதாரணக் காரில் இருப்பதுபோல் 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றும் உள்ளே இருக்கும். அது இறங்கினால் பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தும் கார் கிளம்பாது, ரிமோட்டில் கதவுகூடத் திறக்காது. எனக்கு ஒரு மார்ச் மாதம், பரீட்சை அன்று காலை, அப்படி ஆனது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரின் வயரால் ஜம்ப் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனேன். பழைய கார் வாங்கியதும் அந்தச் சின்ன பேட்டரியை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள், இரும்புச் சாவி எங்கே இருக்கிறது என்று டெலிவரி எடுக்கும்போதே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.